தீபாவளிக்கு மட்டும்தானா உடுப்பு?

(தோட்டப் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் துவைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கும். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நானும் இன்றைக்கு அந்தத் துணியைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன். "வெல்பெயார் ஐயா வழக்கமா தண்ணி, கக்கூசு, ஊசி பத்தித்தானே பேசுவாரு, இன்னைக்கு என்ன புடவைக்கடை வைக்கிறாரு" என்று ஒரு அக்கா வாசலில் கேட்டார். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். அப்போது வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். எட்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்பிள்ளை இரண்டு கிழமையாக வகுப்புக்கு வரவில்லை என்று பள்ளிக்கூடத்து அதிபர் சொல்லி அனுப்பினார். நான் லயத்துக்குப் போனேன். பெயர் சொல்லமாட்டேன். தாய் அப்போதுதான் மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல் ஐயா" என்றார். பிள்ளையோ அடுப்படியில் நல்ல சுகத்தோடு தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு அந்தத் தாயே கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு சோடி சப்பாத்தை எடுத்துக் காட்டினார். அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. "சம்பளத்துக்கு வாங்கலாம்னு இருந்தேன் ஐயா. துண்டைப் பாருங்க" என்றார்.

சம்பளத் துண்டைப் பார்த்தேன். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, அரிசி, மாதக் கை முற்பணம், அதோடு தீபாவளி முற்பணத்தின் தவணை. மிஞ்சியது கடைக்காரருக்கே காணாது. மேலே கொடியில் பார்த்தால், தீபாவளிக்கு எடுத்த மூன்று சேலை தொங்குகிறது. மூன்றும் தவணைக்கு வாங்கியது. அந்தத் தவணையும் முடியவில்லை.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. "இதில் ஒரு சேலையைக் குறைத்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்குமே" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அந்த அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வருசம் பூரா கிழிசலைக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறோம். ஒரு நாளைக்கு நல்லா உடுத்தக்கூடாதா ஐயா?"

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். புதுச்சட்டை வாசம் எனக்கும் தெரியும். முதல் சம்பளம் வாங்கிய வருடம் அம்மா, அப்பா, தங்கச்சி எல்லோருக்கும் தீபாவளிக்குத் தவணையில் துணி எடுத்துப் பெருமையாகப் போனவன் நான். தை மாதம் தங்கச்சிக்குக் கொப்பி வாங்கக் காசில்லாமல் கூட வேலை செய்தவரிடம் கைமாற்று வாங்கினேன். ஆகையால் நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துப் பேசவில்லை. பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம்முடைய கஷ்டம் நாம் அதிகமாக வாங்குவது அல்ல. ஒரே நேரத்தில் வாங்குவதுதான். வருடத்துக்கு வேண்டிய உடுப்பெல்லாம் ஐப்பசி மாதத்தில் ஒரே மூச்சில் எடுக்கிறோம். அந்த நேரம் கடையில் கூட்டம், விலை பேச முடியாது, தையற்காரரிடமும் வரிசை. முற்பணம் கைக்கு வந்த சூட்டில் எடுத்துவிடுகிறோம். அடுத்த சம்பளத்திலிருந்தே அதைப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். பிறகு என்ன மாதம் வருகிறது? ஜனவரி. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி வறட்சி. விடிய விடியக் குளிர், சில நாள் உறைபனி விழுந்து தேயிலை கருகும். கொழுந்து குறையும். கைக்காசும் மேலதிகக் கிலோக் காசும் குறையும். அதே மாதத்தில்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. கடனும் குளிரும் பள்ளிக்கூடமும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும்.

பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் சில வருடம் தள்ளியும் போகும். 2025-ல் முதல் தவணை ஜனவரி 27-ல்தான் தொடங்கியது. ஆனாலும் செலவு வராமல் போகாது.

இனி மழையைப் பாருங்கள். மேற்குப் பக்கத் தோட்டங்களுக்கு, அதாவது மஸ்கெலியா, பொகவந்தலாவை, ஹட்டன் பக்கத்துக்கு, தென்மேல் பருவமழை மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த மழையில் நிற்கப் பழைய பொலித்தீன்தான் நம் கொங்காணி. ஏனென்றால் ஜூன் மாதத்தில் புது மழை உடுப்பு வாங்கக் காசு இருக்காது. ஆனால் அதற்கு முந்திய ஏப்ரல், மே மாதத்தில் என்ன நடக்கிறது? முதல் மழை பெய்து கொழுந்து பொங்கிக்கொண்டு வருகிறது. வருடத்திலேயே கை நிறையக் காசு பார்க்கிற மாதங்கள் அவை. அந்தக் காசு எங்கே போகிறது என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை. அண்ணன்மார் சிலர் தலையைக் குனிகிறீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை. ஜூலை, ஓகஸ்ட் காய்ந்த காற்று. அவர்கள் மழை உடுப்பை செப்டம்பருக்குள் வாங்க வேண்டும். யார் எந்தப் பக்கம் இருந்தாலும் காரியம் ஒன்றுதான். காசு வருகிற மாதத்தில், தேவை வருவதற்கு முன் மாதத்தில் வாங்கிவிட வேண்டும்.

"ஐயா, சொல்றது சுகம், காசு எங்க?" என்பீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

ரூபாயில் கணக்குப் பார்க்காதீர்கள். ரூபாயின் பெறுமதி நிலையாக நிற்பதில்லை. 2021 மார்ச்சில் நமக்கு நாட்சம்பளம் 1000 ரூபா என்று வந்தது. அடுத்த வருடமே, 2022-ல், நாட்டு நிலைமையில் துணி விலை, சாமான் விலை எல்லாம் ஏறி அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. சம்பளமும் மாறும், விலையும் மாறும். அதனால் எதை வாங்கினாலும் அது எத்தனை 'பேர்' என்று கேளுங்கள். இந்தச் சேலைக்கு நான் எத்தனை நாள் மலையில் நிற்க வேண்டும்? இந்தச் சப்பாத்துக்கு எத்தனை நாள்? இப்படிக் கேட்டால் எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் கணக்கு விளங்கும்.

சுலபமாக இருக்க ஒரு பேர் 1000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துண்டில் உள்ளதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் வேலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று. அந்த வீட்டுக்கு உடுப்பை நான்கு கட்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது மலை உடுப்பு. வேலைக்குக் கட்டுகிற பழஞ்சேலை, சேட், சாரம், படங்கு. வருடத்துக்கு 6 பேர்.

இரண்டாவது பள்ளிக்கூட உடுப்பு. சப்பாத்து, மேஸ், தையற்கூலி. 12 பேர்.

மூன்றாவது மழைக்கும் குளிருக்கும். கம்பளி, சுவெட்டர், மழைக்கோட்டு, சின்னப் பிள்ளைக்குத் தொப்பி. 8 பேர்.

நான்காவது தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும். 10 பேர்.

கூட்டினால் 36 பேர். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3 பேர். புருஷன் ஒன்றரை, பெண்சாதி ஒன்றரை. கொழுந்து குறைந்த மாதத்தில் ஒன்று போடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஐந்து போடுங்கள். இது நான் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் வீட்டுக்குக் கூடலாம், குறையலாம். ஆனால் நான்கு கட்டும் இருக்க வேண்டும். தீபாவளிக் கட்டு மற்ற மூன்றையும் சாப்பிட்டுவிடக் கூடாது. அதுதான் முக்கியம்.

இந்தக் காசை எங்கே வைப்பது? அரிசி டின்னுக்குள் வைத்தால் அரிசியோடு போய்விடும். தபால் கந்தோரிலேயே தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகம் திறக்கலாம். சிறு தொகையானாலும் போடலாம். சீட்டுப் பிடிப்பதும் நல்லதுதான். நம்பிக்கையான பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு பேர்க் காசு போட்டால், ஆளுக்கு ஒரு தடவை 12 பேர்க் காசு மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் டிசம்பர் மாதம் ஒருவருக்குத்தான் வரும். பள்ளிக்கூடச் செலவோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். அதனால் பள்ளிக்கூடக் காசைப் புத்தகத்தில் போடுங்கள். கம்பளி, சேலை இவற்றுக்குச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தவணைக்காரர். சம்பள நாளில் ரோட்டோரத்தில் துணியை விரிப்பார், லயத்துக்கும் வருவார். அவரும் பிழைக்கத்தான் வருகிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "கைக்காசுக்கு என்ன விலை? தவணை முடியும்போது மொத்தம் என்ன விலை?" கைக்காசுக்கு 4500 ரூபா சேலை, மாதம் ஆயிரமாக ஏழு மாதம் என்றால் 7000. வித்தியாசம் 2500. அதாவது இரண்டரை நாள் வெயிலிலும் மழையிலும் அவருக்காகக் கொழுந்தெடுக்கிறீர்கள். அப்படியும் அந்தச் சேலை வேண்டும் என்றால் வாங்குங்கள். தெரிந்து வாங்குங்கள். ஒன்று முடியாமல் இன்னொன்று எடுக்காதீர்கள். கொடுத்த காசை அவர் கொப்பியில் எழுதும்போதே உங்கள் கொப்பியிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். எது நல்லது, எது தைத்தால் உதவும், எது பிள்ளைக்குச் சிறுத்துவிட்டது என்று பிரியுங்கள். பாதி வீட்டில் மறந்துபோன உடுப்பு ஒன்றாவது அடியில் கிடக்கும்.

சாயத் துணி எடுத்தால், கைலேஞ்சியை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது வீட்டில் வெள்ளைக் கவுனைக் கெடுக்கும். பிள்ளைகளின் உடுப்பில் கீழ்மடிப்பு இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். அடுத்த வருடம் அவிழ்த்து இறக்கலாம். சப்பாத்துக் கொஞ்சம் பெரிதாக எடுக்கலாம். ரொம்பப் பெரிதாக எடுத்தால் பிள்ளை தடுக்கி விழும், குதிகாலும் தேயும்.

மழைக்கும் குளிருக்கும் பருத்திச் சுவெட்டர் எடுக்காதீர்கள். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரப் பண்ணும். கம்பளி நூல் நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். நைலோன், பொலியெஸ்டர் சீக்கிரம் காயும். அதற்காகத்தான் நம் பாட்டிமார் கம்பளியை விடவில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்தில் அந்தக் கம்பளியைத் தோட்டம் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. அப்போதும் கடன்தான். இப்போதாவது கடன் இல்லாமல் போர்த்துவோம்.

நுவரெலியா பேல் கடைகளில், கார்மன்ட் பழுது உடுப்புக் கடைகளில் நல்ல ஜேக்கட் மலிவாக அகப்படும். ஏப்ரல் சீசனில் வெளியூர்ச் சனம் குவியும் நேரம் போகாமல் முன்பின் போங்கள். சிப்பை இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். அக்குள் தையலைப் பாருங்கள். பொத்தான் இல்லாதது பிழையில்லை, துணி இற்றுப்போனதுதான் பிழை. கொண்டு வந்தவுடன் துவைத்து வெயிலில் போட்டுவிட்டு உடுத்துங்கள்.

சப்பாத்து நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பசை விட்டு அடி பிளக்கும். பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்து இரவு முழுக்க வையுங்கள். ஈரத்தைக் கடதாசி உறிஞ்சிவிடும். அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயப் போடும் வழக்கமும் ஆபத்து. ஒரு பொறி போதும். லயம் முழுவதும் எரியும்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களே, பண்டிகைக்கு மினுக்கிற கவுன் ஒன்று எடுக்கிற காசுக்கு இரண்டு தொப்பி, இரண்டு மேஸ், மாற்றிப் போட இரண்டு பருத்திச் சட்டை எடுங்கள். காலையில் ஐந்தரை மணிக்குப் பனியில் பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கி வருகிறீர்கள். குழந்தையின் தலை மூடியிருக்க வேண்டும். ஈரத்துணியோடு இருக்கக் கூடாது.

சீருடைத் துணி அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கு வேண்டிய துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகக் கொடுத்தது. அதனால் துணி வருகிறதா, எப்போது வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். சப்பாத்து வவுச்சரும் பிள்ளைக்கு உண்டா என்று அதிபரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. தையற்கூலி நம்முடைய பொறுப்பு. தைக்கத் தெரிந்த தங்கைமார் நம் லயத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் காசு டவுனுக்குப் போகாமல் இங்கேயே இருக்கட்டும்.

இப்போது அந்தப் பெண்பிள்ளை கதைக்கு வருகிறேன். நான் திரும்பி வந்த பிறகு பக்கத்துக் காம்பராவில் இருந்த ஒரு அக்கா தன் மூத்த மகளின் சப்பாத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மா குடுக்கல்ல, உன் மகனுக்குச் சிறுத்த சேட்டைத் தா, என் சின்னவனுக்கு ஆகும்" என்று கேட்டு வாங்கினார். அந்த ஒரு வார்த்தையில் வாங்கியவருக்கும் மானம் போகவில்லை. அடுத்த நாளே பிள்ளை பள்ளிக்கூடம் போனது. ஆனால் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க அந்தத் தவணை முழுவதும் கஷ்டப்பட்டது. பிறகு சாதாரண தரப் பரீட்சை வரை படித்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பி வரவில்லை. ஜனவரியில் இரண்டு கிழமை என்று நின்ற பிள்ளை, மார்ச் மாதம் கொழும்பில் யாரோ வீட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்து சின்னச் சாமான்தான். அது இல்லாமல் போனால் பிள்ளையின் வழியே மாறிவிடுகிறது.

அந்த அக்காவிடமிருந்து படித்ததைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறோம். பிள்ளைக் காம்பராவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சிறுத்துப்போன பள்ளிக்கூட உடுப்பு, சப்பாத்து, சுவெட்டர் இருந்தால் துவைத்து, பொத்தான் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒன்று கொடுத்தால் ஒன்று எடுக்கலாம். கொடுக்க இல்லாதவர் தைத்துக் கொடுத்து எடுக்கலாம். பெயர் எழுதமாட்டோம், யாரும் கேட்கவும் மாட்டோம். டிசம்பர் முதல் கிழமையில் பெட்டியைத் திறப்போம்.

கடைசியாக, அன்றைக்கு அந்த அக்கா கேட்ட கேள்வி. ஒரு நாளைக்கு நல்லா உடுத்தக்கூடாதா? கட்டாயம் உடுத்த வேண்டும் அக்கா. ஆனால் ஒரு நாள் நமக்குக் காணாது. மழையில் மலைக்குப் போகும் நாளும் நாம் நனையாமல் போக வேண்டும். ஜனவரியில் பிள்ளை நல்ல சப்பாத்தோடு வகுப்பில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரே ஒரு சேலை கட்டினாலும், அது கடன் இல்லாத சேலையாக இருக்கும். வருடம் முழுக்க மற்றவர் சுவைக்கக் கொழுந்தெடுக்கிற நமக்கு அந்த மரியாதை வேண்டாமா?

வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து நான்கு கட்டையும் நான்கு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகக் கணக்குப் பார்ப்போம். அண்ணன்மாரும் வர வேண்டும். ஒன்றரைப் பேர் உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம்.